மூக்கன்கள் இறங்கும் வயல்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் இருமல் விட்டதா? போனில் கேட்டால் "ம்" என்பாய். இன்னொன்று கேட்டால் "ம்ம்" என்பாய். பேனாவைக் கொடுத்தால்தான் உனக்கு வாய் திறக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் தபால்காரருக்கு வேலை வைக்கிறேன்.

துறைமுகத்தில் எல்லாம் பழையபடிதான். எடை மேடைமேல் லாரி ஏறும். எண்ணைப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன். ஓட்டுநர் "அக்கா, கொஞ்சம் குறைச்சுப் போடேன்" என்பார். "உன் வயித்தை இறக்கி வச்சுட்டு வா, குறையும்" என்பேன். அந்தப் பக்க ஜன்னல் அவர்களுக்கு. பின்பக்க ஜன்னல் எனக்கு. அதைத் திறந்தால் கடல் விலகிப் போன சேற்றுக்கரை, அதில் நூற்றுக்கணக்கில் மூக்கன் பறவைகள். போன டிசம்பரில் படம் எடுத்து அனுப்பினேனே, அவைதான். முகத்தைவிட மூன்று மடங்கு நீளத்துக்கு மூக்கு. அப்பா நமக்கு விட்டுப்போன ஒரே சொத்தும் அதுதான் என்பதால், பார்க்கும்போதெல்லாம் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

ஒரு விஷயம். மே மாதத்தோடு எனக்கு ஓய்வு. வேண்டுமானால் இரண்டு வருஷம் நீட்டித்துத் தருகிறோம், குவார்ட்டர்ஸிலேயே இருந்துகொள்ளலாம் என்கிறார் மேலாளர். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் எனக்குப் போக்கிடம் உன் வீடு ஒன்றுதான். உன் வீட்டுப் பின்னால் இருக்கும் குளத்துக்குத்தான் இந்தப் பறவைகள் போகும் வழியில் இறங்குகின்றன. வந்து சேர்ந்ததும் உன் மனைவி ஒரு கார்டு போடுவாள்: "அண்ணி, உங்க ஆளுங்க வந்துட்டாங்க." அந்த மகராசி போன பிறகு இரண்டு வசந்தமாக எனக்கு யாரும் எழுதவில்லை. இப்போதும் வருகின்றனவா? வருகின்றன என்றால் நானும் பின்னாலேயே வருவதைப் பற்றி யோசிக்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு வணக்கம்.

இருமல் போய்விட்டது, மூக்கு பத்திரமாக இருக்கிறது. உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா இல்லையா?

வேலை நிறைய. டாக்டர் பல்லைப் பிடுங்குகிற வேகத்துக்கு நான் பல் செட் கட்டிக் கொடுக்க முடியவில்லை. பக்கத்து வயல்காரம்மாவுக்கு இப்போது முப்பத்திரண்டும் புதிதாகக் கேட்கிறது. "எனக்குக் கரும்பு கடிக்கிற பல்லு வேணும்ப்பா" என்கிறார். எண்பது வயதில் ஆசையைப் பார்.

குளம் இருக்கிறது. மூக்கன்களும் வருகின்றன.

தெற்கு அறையில் பழைய பல் அச்சுகளை அடுக்கி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் மாடிப்படிக்குக் கீழே மாற்றிவிட்டேன். ஜன்னல் கண்ணாடியையும் கழுவினேன். சும்மாதான், தூசியாக இருந்தது. அந்த அறையில் காலையில் நல்ல வெளிச்சம் வருகிறது. இத்தனை நாள் கவனிக்கவில்லை.

நீட்டிப்பு விஷயத்தில் நான் சொல்ல என்ன இருக்கிறது? உன் இஷ்டம்.

தம்பி


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமென்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கும் சுகத்துக்குக் குறைவில்லை.

நேற்று முதல் கூட்டம் கிளம்பிவிட்டது. சொல்கிறேன், கேள். பத்து நாளாகவே சேற்றில் ஒரே தீனி. லாரி மாதிரி லோடு ஏற்றிக்கொண்டிருந்தன. என் மேடைமேல் நிறுத்தினால் அதிகப் பாரம் என்று அபராதம் போட்டிருப்பேன். மூன்று நாளாகக் காற்று எதிர்த்து அடித்தது. நேற்று மாலை நின்றது. நின்றது என்றால், கிரேன் உச்சியில் இருக்கிற கொடிகூடத் தூங்கிவிட்டது. கடல் பால் மாதிரி கிடந்தது. எது வானம், எது தண்ணீர் என்று கோடு தெரியவில்லை. திடீரென்று அத்தனை பறவையும் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்த்தன. ஒரு நிமிடம் ஒரு சத்தம் கிடையாது. பிறகு ஒன்று கூப்பிட்டது. இன்னொன்று எழுந்தது. அப்புறம் கரையே எழுந்தது. தலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றி, நீளமாக ஒரு கோடாகி, உன் திசையில் போயின.

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குக் காது கேட்கவில்லை. ஓட்டுநர் இறங்கி வந்து, "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று கண்ணாடியைத் தட்டினார். ஆமாம், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் சுவரெல்லாம் மெதுவாக நகர்கிற மாதிரி இருந்தது. விளக்கைப் போட மனசில்லாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அங்கே வந்து இறங்கியதும் எனக்கு எழுது. எத்தனை, எப்படி நின்றன, என்ன செய்தன, எல்லாம் வேண்டும். மேலாளர் தினமும் கேட்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

எனக்குச் சுகம். உனக்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் ஆட்கள் இருக்கிறார்கள். பதினொன்று. குளத்தில் இல்லை, அதற்குப் பக்கத்தில் வயல்காரம்மாவின் நிலத்தில். முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீர். வேலைக்குப் போகும் முன் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். பனி விலகும்போது முதலில் கால் தெரிகிறது, பிறகு உடம்பு. சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. அப்படியே உன் படத்தில் இருப்பது போல. மிகவும் அமைதியான பறவைகள். தண்ணீரில் நிழல் விழுந்து ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஒற்றையாக எதுவும் நிற்காத மாதிரி இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போவது தெரியவில்லை. நேற்று டாக்டரிடம் திட்டு வாங்கினேன்.

தெற்கு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மிச்சமிருந்தது, வீணாகப் போக வேண்டாமே என்று.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமா?

சாம்பலா? மார்ச் கடைசியில் சாம்பல் மூக்கனா? அடேய், குளிர்காலம் முடியும்போதே அவை நிறம் மாற ஆரம்பித்துவிடும். என் ஜன்னலைவிட்டுப் போகும்போது கழுத்தும் மார்பும் சுட்ட செங்கல் நிறம். கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி உடுத்திக்கொண்டுதான் போகும். வழியில் சட்டையைக் கழற்றிப் பழையதை மாட்டிக்கொண்டு வந்தனவா உன் வயலுக்கு?

நான் அனுப்பியது டிசம்பர் படம். அதைப் பார்த்து எழுதியிருக்கிறாய். அங்கே ஒரு பறவையும் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், என்னிடம் இதை மறைக்க முடியாது. இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன்.

எனக்குக் கோபம் பறவையைப் பற்றியில்லை. என் மீதி வாழ்க்கையை எங்கே வைப்பது என்று கேட்டேன். நீ கதை எழுதி அனுப்பியிருக்கிறாய். ஏன்? நான் வர வேண்டாமா? வேண்டாம் என்றால் அதையாவது நேராகச் சொல்லு.

அக்கா


ஏப்ரல் 17

தம்பிக்கு,

நல்லபடியாக இருக்கிறாயா? இரண்டு வாரமாகப் பதில் இல்லை. கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். அடிக்கிற கைதானே அணைக்கும். போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. டாக்டர் வீட்டுக்கு அடித்தேன். "வேலைக்கு வர்றாரு, லேட்டா வர்றாரு, பேன்ட்டெல்லாம் சேறு" என்றார் டாக்டர் வீட்டம்மா. சேற்றில் உனக்கென்ன வேலை?

இங்கே கரை காலியாகிக்கொண்டு வருகிறது. மிச்சம் இருப்பவை ஒரு நூறு இருக்கலாம். மாலையில் ஜன்னலைத் திறந்தால் முன்பு சந்தை மாதிரி இருக்கும்; இப்போது ஒவ்வொரு குரலும் தனியாகக் கேட்கிறது. மேலாளர் தாளை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன்மேல் தேநீர் டம்ளரை வைத்து வைத்து ஒரு வட்டம் விழுந்துவிட்டது.

ஒரு வரி எழுது.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பயப்படுவாய்.

பொய்தான். ஆனால் முழுப் பொய் இல்லை. பதினொன்று நின்றது உண்மை. அவற்றைச் செய்தவன் நான்.

குளத்தை இரண்டு வருஷத்துக்கு முன்பே ஆழமாகத் தோண்டிச் சுற்றிலும் கல் கட்டிவிட்டார்கள். படகு விடுகிறார்கள். மூக்கன் நின்று மேய்கிற பறவை. ஆழத்தில் அது எங்கே நிற்கும்? அப்போதே வருவது நின்றுவிட்டதாம். அதுகூட எனக்குத் தெரியாது. பறவை பார்ப்பதெல்லாம் அவள்தான். "இங்க வந்து பாருங்களேன்" என்று ஜன்னலிலிருந்து கூப்பிடுவாள். "இந்தப் பல்லை முடிச்சுட்டு வர்றேன்" என்பேன். ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. அதனால்தான் நிறம் தெரியவில்லை.

உன் முதல் கடிதம் வந்ததும், வருகின்றன என்று கை தானாக எழுதிவிட்டது. எழுதிய பிறகு பயம். நீ வந்து பார்த்தால்? எப்படியாவது வரவைத்துவிடலாம் என்று தோன்றியது. வயல்காரம்மாவிடம் போய், உழவை ஒரு மாதம் தள்ளிப்போட்டு நிலத்தில் ஓரடித் தண்ணீர் கட்டி வைக்க முடியுமா என்று கேட்டேன். "எனக்கென்ன லாபம்?" என்றார். மேலும் கீழும் பல் செட், என் கூலி இல்லாமல் என்றேன். "அப்ப தண்ணி எத்தனை அடி வேணும்?" என்றார்.

தன் இனம் நிற்பதைப் பார்த்தால்தான் பறவை இறங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது மெழுகும் அச்சும். ஈறு செய்கிற சிவப்பு மெழுகில் பதினொரு மூக்கன் வார்த்தேன். பல்லுக்குப் போடுகிற கம்பியை முறுக்கிக் கால் வைத்தேன். உன் படத்தைப் பார்த்துச் சாம்பல் பூசினேன். பல்லுக்கு நிறம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், படத்துக்கும் அதற்கும் வித்தியாசமே கிடையாது. இரவோடு இரவாகக் கொண்டுபோய் நட்டேன். வயல்காரம்மா காலையில் பார்த்துவிட்டு, "யாருக்குப்பா இந்தப் பொம்மை?" என்றார். அக்கா வர வேண்டும் என்றேன். "அக்கா வர்றதுக்கு இது எதுக்கு? அவ என்ன கொக்கா?" என்றார்.

தினமும் விடியும்போது வரப்பில் உட்கார்ந்திருந்தேன். பனியில் சில நேரம் அவை நிஜமாகவே மேய்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் நடுவில் இருந்தது தலையைத் திருப்பியது. ஓடிப் போய்ப் பார்த்தால் வெயிலில் கழுத்து இளகிச் சாய்ந்திருக்கிறது. ஒன்றின் முதுகில் காக்கை ஏறி உட்கார்ந்து எச்சம் போட்டது. ஒன்றை நாய் தூக்கிப்போய்க் கடித்துவிட்டுப் பிடிக்காமல் துப்பியது.

உன் சாம்பல் கடிதம் வந்த அன்று அவமானமாக இருந்தது. நேராக வயலுக்குப் போனேன். வெயிலில் பெயின்ட் வெடித்துத் தோல் தோலாக உரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த சிவப்பு கழுத்திலும் மார்பிலும் தெரிந்தது. நீ எழுதிய நிறம். நான் எதுவும் செய்யாமல் அவையே உடுத்திக்கொண்டன, அக்கா. அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். எத்தனை நாளுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன் என்று தெரியவில்லை. திரும்பி அவளைப் பார்க்கத் தோன்றியது. பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

உனக்கு உடனே எழுதாததற்குக் காரணம் வீம்பு. ஒன்றாவது வரட்டும், நிஜத்தை எழுதுவோம் என்று காத்திருந்தேன். நேற்று வயல்காரம்மா ஏர் இறக்கிவிட்டார். சொன்ன கெடுவுக்கு மேலேயே பொறுத்தார், பாவம்.

பறவை வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. இனி வராது.

ஆனால் நீ வா. வீட்டில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. ராத்திரி சாப்பிடும்போது எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். இதைச் சொல்லத்தான் இத்தனை மெழுகு. உன் இஷ்டம் என்று எழுதியதைக் கிழித்துப் போடு. என் இஷ்டம், நீ வா.

உன் தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

எங்கிருந்தாலும் நல்லா இரு.

இன்று சாயங்காலம் வரை பார்த்தேன். தபால்காரர் கேபினைத் தாண்டிப் போன பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருஷம் இங்கேயே. உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

கடைசிக் கூட்டமும் இன்று போய்விட்டது. நான் தாளைக் கொடுத்துவிட்டு வருவதற்குள் போயிருக்கிறது. பார்க்கவில்லை.

அக்கா


மே 6

என் தம்பிக்கு,

உன் இருபத்தெட்டாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. என் முப்பதாம் தேதிக் கடிதம் இந்நேரம் உன் கையில் இருக்கும். இரண்டும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

கேபினில் உட்கார்ந்து படித்தேன். நாய் துப்பிய இடத்தில் சிரித்தேன். அடுத்த பக்கத்தில் என்ன ஆனேன் என்று எழுதமாட்டேன். மேடையில் ஒரு லாரி நின்றிருந்தது. ஓட்டுநர் சீட்டைக் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் டீ குடிச்சுட்டு வர்றேன்க்கா" என்று போய்விட்டார்.

உனக்கு ஒன்று தெரியுமா? அங்கே பறவை இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? ஐம்பத்தெட்டு வயதுக்காரி, "எனக்கு யாருமில்லை, உன் வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்கக் கூச்சப்பட்டுத்தான் மூக்கனை முன்னால் அனுப்பினேன். "வா" என்று ஒரு சொல் வந்திருந்தால் பிப்ரவரியிலேயே மூட்டை கட்டியிருப்பேன். உனக்கும் சொல்ல வரவில்லை. அப்பா மூக்கை மட்டுமா கொடுத்தார்?

மேலாளரிடம் ஓடினேன். தாள் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டதாம். "நீங்கதானேம்மா சொல்வீங்க, சீட்டு அடிச்ச பிறகு எடையை மாத்தக் கூடாதுன்னு" என்றார். என் வாயாலேயே எனக்கு ஆப்பு.

அதனால் இதைக் கேள். இங்கே லாரிக்காரர்களில் பாதிப் பேருக்குப் பின்பல் கிடையாது, மீதிப் பேருக்கு முன்பல் கிடையாது. துறைமுகச் சாலையில் இருக்கிற பல் டாக்டர் செட் கட்ட ஆளில்லாமல் வெளியூருக்கு அனுப்புகிறார். போய்க் கேட்டுவிட்டேன். நாளைக்கே வரச் சொல்லுங்கள் என்கிறார். என் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. ஒன்றில் உன் மெழுகும் அடுப்பும் வைத்துக்கொள். குறட்டை விட்டால் மட்டும் பால்கனி.

நீ வா.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது இங்கே கரை வெறும் சேறு. ஒரு சிறகுகூடக் கிடையாது. அவை திரும்பி வர இலையுதிர் காலம் ஆகும். அதுவரை பார்க்க ஒன்றுமே இருக்காது. சலிப்பாக இருக்கும் என்றால் அவை திரும்பும்போதே வா. காத்திருக்கிறேன்.

அக்கா


மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இந்த முறை வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "போறதுக்கு முன்னாடி இருக்கிற செட்டை முடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். நான்கு பாக்கி இருந்தது, மூன்றை முடித்துவிட்டேன். வீட்டுச் சாவி வயல்காரம்மாவிடம். தெற்கு அறையில் விதை மூட்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சுண்ணாம்பு அடித்து இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்றார். வைத்துக்கொள்ளச் சொன்னேன். புதுப் பல்லில் கரும்பு கடித்துக் காட்டினார்.

பறவைகளை எடுத்துவந்து உருக்கி, ஒரே கட்டியாகப் பெட்டியில் போட்டிருக்கிறேன். லாரிக்காரர்களுக்கு ஈறாகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி; திங்கள் மதியம் உன் எடை மேடையில் இருப்பேன். லாரி ஏதாவது நின்றால் அதை அனுப்பிவிட்டே என்னைக் கவனி.

கரை காலியாக இருக்கிறது, இலையுதிர் காலத்தில் வா என்று எழுதியிருக்கிறாய். அதை மூன்று தரம் படித்தேன். நான் பறவை பார்க்கவா வருகிறேன், அக்கா?

உன் தம்பி